பேத்தியின் தாகம்

"பாட்டி, தண்ணி வேணும்."

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் பேத்தி ஒரு நாளைக்கு இருபது முறை சொன்ன வார்த்தை இது. அப்போது அவளுக்கு எட்டு வயது, ஆண்டு 2 மாணவி. இன்றைக்கும் எந்தப் பிள்ளையாவது என்னிடம் தண்ணீர் கேட்டால் நெஞ்சு ஒரு முறை திக்கென்கிறது.

நான் 33 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். கடந்த 19 ஆண்டுகளாக இனிப்பு நீர் வியாதியோடு குடித்தனம் நடத்துகிறவள். காலையில் எழுந்ததும் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சீனியின் அளவைப் பார்ப்பது எனக்குப் பல் விளக்குவது மாதிரி. அந்தச் சோதனைக் கருவி எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்தில், பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். பேத்தி படுக்கும் அறையிலிருந்து எண்ணிப் பத்து அடி தூரம்.

அந்தப் பத்து அடியை நான் மூன்று வாரங்கள் கடக்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நிபோங் திபாலில். மகளுக்குப் பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மருமகன் லோரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். பேத்தியைப் பள்ளிக்கு அனுப்புவது, சாப்பாடு கொடுப்பது, தூங்க வைப்பது எல்லாம் என் பொறுப்பு. பிள்ளை வளர்ப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

முதலில் தண்ணீர்ப் போத்தல்தான் கண்ணில் பட்டது. பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் ஒரு லிட்டர் போத்தல் வழக்கமாகப் பாதி மிச்சத்தோடு திரும்பி வரும். அந்த வாரம் தினமும் காலியாக வந்தது. "நல்லா தண்ணி குடிக்கிறா, நல்லதுதானே" என்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன். வெயிலும் அப்போது கடுமையாக இருந்தது. உடல் சூடு என்று முடிவு கட்டி, இளநீரும் பார்லித் தண்ணீரும் கொடுத்தேன். "ரொம்ப தாகமா இருக்கு பாட்டி" என்று முகம் வாடினால், ஐஸ் போட்டு சிராப் கலக்கிக் கொடுத்தேன். குடித்த அரை மணி நேரத்தில் மறுபடியும் தாகம் என்பாள்.

அடுத்த வாரம் வகுப்பாசிரியையிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பாட வேளையில் அடிக்கடிக் கழிவறைக்குப் போகிறாளாம். பாடத்தில் கவனம் இல்லையாம். எனக்குக் கோபம் ஆசிரியை மேல் வரவில்லை, பேத்தி மேல்தான் வந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தானே! "சும்மா சும்மா வெளியே போகக் கூடாது" என்று எத்தனை பிள்ளைகளை உட்கார வைத்திருப்பேன்! ஒரு மாணவன் அடக்க முடியாமல் நாற்காலியிலேயே போய்விட்டு, நாள் முழுவதும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு படுக்கை நனையத் தொடங்கியது. நான்கு வயதிலேயே அந்தப் பழக்கத்தை விட்டவள் அவள். எட்டு வயதில் திரும்பவும் வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கு வரவில்லை. "இவ்வளவு பெரிய பிள்ளை, வெட்கமா இல்லையா?" என்று திட்டினேன். ஒரு நாள் காலையில் துவைக்கப் போட்டிருந்த பெட்ஷீட்டில் எறும்பு மொய்த்திருந்தது. மைலோவைக் கொட்டியிருப்பாள் என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இரவு ஏழு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது என்று சட்டம் போட்டேன். தண்ணீர் குடிக்காவிட்டால் படுக்கை நனையாது என்பது என் கணக்கு. இரண்டாவது இரவு, நடுச்சாமத்தில் குளியலறையில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். பேத்தி இருட்டில் நின்றுகொண்டு, குளிக்கிற வாளியிலிருந்து கையால் அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்து போய், "இனிமே குடிக்க மாட்டேன் பாட்டி" என்று அழுதாள்.

பள்ளிச் சீருடையின் பினாஃபோர் இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. வளருகிற பிள்ளை, உயரம் போடுகிறாள் என்று மகள் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலையில் வாந்தி எடுத்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்குக் கொண்டு போனோம். வாந்தி, வயிற்று வலி என்று மட்டும் சொன்னோம். தாகத்தைப் பற்றியோ, படுக்கை நனைவதைப் பற்றியோ நாங்கள் வாய் திறக்கவில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தோம். வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மாலைக்குள் பிள்ளை துவண்டு விட்டாள். ஓடி வந்தவள் போல ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினாள். வாயருகே குனிந்தால், அழுகும் நிலையில் உள்ள பழத்தின் வாடை வந்தது.

அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவளைப் பார்த்த மருத்துவ உதவி அதிகாரி முதலில் செய்த வேலை, விரலில் ஊசி குத்தியதுதான். என்னிடம் இருப்பது போன்ற அதே சிறிய கருவி. அதில் எண் வரவில்லை. 'ஹை' என்ற எழுத்துகள் மட்டும் வந்தன. கருவியால் அளக்க முடியாத அளவுக்குச் சீனி ஏறியிருக்கிறது என்று அதற்குப் பொருள். அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

மகள் அப்போதுதான் வேலையிலிருந்து நேராக வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "மெஷின் வீட்லதானேம்மா இருந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை.

இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, அதன் பிறகு ஆறு நாள் வார்டு. சொட்டுச் சொட்டாக நீரும் இன்சுலினும் ஏற்றினார்கள். மணிக்கு மணி இரத்தம் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு நீரை அவசரமாக ஏற்றக் கூடாதாம், மூளை வீங்கும் ஆபத்து உண்டாம். அதனால் எல்லாம் நிதானமாகத்தான் நடந்தது. அந்த நிதானம் எங்களைப் படுத்திய பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

பிள்ளை கண் விழித்துப் பேசத் தொடங்கிய பிறகு, அவளைக் கவனித்த பெண் மருத்துவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். இது முதல் வகை நீரிழிவு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே வழி தவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாமல் இரத்தத்தில் உள்ள சீனி உடலுக்குப் பயன்படாது. வேறு வழியின்றி உடல் கொழுப்பை எரிக்கிறது. அதிலிருந்து கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேர்ந்து இரத்தத்தையே அமிலமாக்குகிறது. வாந்தி, வயிற்று வலி, ஆழமான மூச்சு, பழ வாடை எல்லாம் அதன் வேலைதான். இன்னும் ஓர் இரவு தாமதித்திருந்தால் என்று தொடங்கியவர், மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான் சிராப் கொடுத்ததால வந்துச்சா டாக்டர்? எனக்கு இருக்கிறதால வந்துச்சா?" என்று கேட்டேன். இரண்டும் இல்லை என்றார். எனக்கு இருப்பது இரண்டாவது வகை. அதில் பரம்பரை, எடை, உணவு, உழைப்புக் குறைவு எல்லாம் சேரும். முதல் வகை இனிப்புச் சாப்பிட்டு வருவதில்லை. ஆனால் வந்த பிறகு அந்தச் சிராப், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆகிவிட்டது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அவர் சொன்னதில் என் தலையில் குட்டியது இதுதான். இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது, சிறுநீரில் விட்டுவிடும். போகும்போது அந்தச் சீனி தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உடல் வறண்டு, தாகம் எடுக்கும். ஆகவே, நிறைய குடித்ததால் அவளுக்குச் சிறுநீர் கூடவில்லை. சிறுநீர் கூடியதால்தான் அவள் நிறைய குடித்தாள். நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, வறண்டு கிடந்த பிள்ளைக்குத் தண்ணீரை மறுத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் நான் தமிழாசிரியை. 'இழிதல்' என்றால் இறங்குதல், வழிதல் என்று பாடம் நடத்தியவள். நீர் வழிந்து இறங்கிப் போகிற நோய், நீரிழிவு. நோயின் அடையாளத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிறோம். பழைய ஆயுர்வேத நூல்கள் இதை மதுமேகம் என்றன. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கவனித்து எழுதி வைத்தன. அந்த எறும்பு என் வீட்டுப் பெட்ஷீட்டிலேயே ஏறி வந்து காட்டியும் எனக்குத் தெரியவில்லை.

காரணம், தெரிந்த நோய் என்ற அலட்சியம். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் கூடுதல். கல்யாண வீட்டில் பாயசத்தை வேண்டாம் என்பவர்களை எண்ணினாலே போதும். அதனால் அது பெரியவர்களுடைய நோய் என்று மனத்தில் பதிந்துவிட்டது. எட்டு வயதுப் பிள்ளையை அந்த வரிசையில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

வார்டில் இன்னொரு பாடமும் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்ச் சிறுவன். அவனுக்கும் இதே தாகம், இதே போல நிற்காத சிறுநீர். "இவனுக்கும் இன்சுலினா?" என்று அவன் தாயிடம் கேட்டேன். இல்லையாம், இரத்தத்தில் சீனி சரியாகவே இருந்ததாம். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரவேண்டிய ஒரு ஹார்மோன் குறைந்துவிட்டதாம். அந்த ஹார்மோன்தான் சிறுநீரகத்திடம் தண்ணீரைச் சேமித்து வை என்று சொல்லும். அது இல்லாவிட்டால் சிறுநீர் வெறும் தண்ணீராகவே வெளியேறும். இதற்கும் நீரிழிவு என்றுதான் பெயர், ஆனால் சீனி இல்லாத நீரிழிவு. மருந்து முற்றிலும் வேறு. அடுத்தடுத்த கட்டிலில் ஒரே அடையாளம், இரண்டு நோய்கள்!

அதற்குப் பிறகு எங்கள் தாமானில் யாருக்குத் தாகம் என்றாலும் என்னிடம் வந்து சொல்லத் தொடங்கினார்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் அந்த மருத்துவர் கேட்ட கேள்விகளைக் கேட்கத் தெரிந்துகொண்டேன்: போகும்போதெல்லாம் நிறையப் போகிறதா, அல்லது அடிக்கடிப் போனாலும் கொஞ்சமாகத்தான் வருகிறதா? தாகம் கூடவே இருக்கிறதா? எரிச்சல் உண்டா? எடை குறைந்ததா? புதிதாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வயது 70. இரவில் ஐந்து முறை எழுந்து போகிறார். "இனிப்பு நீர்தான் டீச்சர், சோத்தை நிறுத்திட்டேன்" என்றார். தாகம் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக, மெதுவாகத்தான் வருமாம். கிளினிக்கில் சோதித்ததில் சீனி சரியாக இருந்தது. பிராஸ்டேட் சுரப்பிதான் பெருத்திருந்தது. வயதான ஆண்களுக்குச் சாதாரணமாக வருவது. தானாகவே வைத்தியம் முடிவு செய்து, அவர் சோற்றைத் துறந்ததுதான் மிச்சம்.

என்னோடு பணியாற்றிய ஓர் ஆசிரியைக்கு நாக்கு வறட்சி, ஓயாமல் சிறுநீர். விசாரித்தால், இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். அதையும் இரவில் சாப்பிட்டு வந்திருக்கிறார். மருத்துவர் அதைக் காலைக்கு மாற்றிக் கொடுத்ததும் தூக்கம் திரும்பியது. நல்ல வேளை, பயந்து போய் மாத்திரையைத் தானாக நிறுத்தவில்லை.

என் தங்கை மகளுக்கு அடிக்கடி அவசரம், எரிச்சல், அடிவயிற்றில் வலி. அது சிறுநீர்ப் பாதைத் தொற்று. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அடிக்கடிப் போவது இயல்பு. ஆனால் கர்ப்ப காலத்தில் வரும் நீரிழிவையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதல், மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் போன்ற சில மருந்துகள், ஏன், நாளைக்கு ஏழெட்டுக் கோப்பை தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கம்கூடக் காரணமாகலாம். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. ஒரு சொட்டு இரத்தமும் சிறு புட்டியில் சிறுநீரும் சோதனைக்குக் கொடுத்தால் பாதிக் கேள்விகளுக்கு அன்றே விடை கிடைத்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு பேத்திக்கு ஒரு நாளைக்கு நான்கு ஊசி. "ஊசி இல்லாமல் முடியாதா?" என்று மருமகன் கேட்டபோது மருத்துவர் ஒரு கதை சொன்னார். 1921-இல் கனடாவின் டொரோண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் கண்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டு, சில மாதங்களோ, ஓரிரு ஆண்டுகளோ உயிரை இழுத்துப் பிடிப்பதுதான் வைத்தியமாக இருந்தது. பேண்டிங் பிறந்த நவம்பர் 14-ஐத்தான் உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடுகிறோம். மருமகன் அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அன்றே ஊசி போடக் கற்றுக்கொண்டார்.

ஆனால் சோதனை வேறு வழியில் வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பேத்திக்குத் தேவையான இன்சுலின் அளவு வெகுவாகக் குறைந்தது. உறவினர்கள் மகிழ்ந்து போனார்கள். ஒருவர் பாகற்காய்ச் சாற்றைப் பரிந்துரைத்தார். இன்னொருவர் நாவல் கொட்டைப் பொடியோடு வந்தார். "குணமாகிக்கிட்டு வருது, ஊசியை நிறுத்திப் பாருங்க" என்றார்கள். எங்களுக்கும் ஆசை வந்தது. நல்ல வேளையாக மகள் மருத்துவமனைத் தாதியிடம் கேட்டாள். இதை 'தேனிலவுக் காலம்' என்பார்களாம். மிஞ்சியிருக்கும் செல்கள் கொஞ்ச நாள் உழைக்கும், பிறகு ஓய்ந்துவிடும். அப்போது ஊசியை நிறுத்துவது பிள்ளையை மறுபடியும் அதே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவதற்குச் சமம் என்றார் அந்தத் தாதி. பாகற்காயைப் பொரியல் செய்து நான் சாப்பிட்டேன்.

இப்போது பேத்திக்குப் பதினோரு வயது. தன் விரலைத் தானே குத்திக்கொள்கிறாள். ஒரு தோசைக்கு எவ்வளவு, ஒரு கறிப்பாப்புக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறாள். அவளுடைய பள்ளிப்பையில் எப்போதும் சீனி மிட்டாய் இருக்கும். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட வேண்டும் என்பது அவளுடைய வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குப் போகவும் அவள் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பள்ளியில் அதற்கு மறுப்பே சொல்லவில்லை.

ஆசிரியர்களாக இருக்கும் என் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வழக்கத்துக்கு மாறாக ஒரு பிள்ளை அடிக்கடி வெளியே போகக் கேட்டால், திட்டுவதற்கு முன் பெற்றோருக்கு ஒரு வரி எழுதுங்கள். பெற்றோரே, தாத்தா பாட்டிகளே, தாகம், அடிக்கடிச் சிறுநீர், எடை குறைவு, சோர்வு இவை பிள்ளையிடம் சேர்ந்து வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அன்றே கொண்டு போங்கள். "இரத்தத்தில் சீனியைப் பாருங்கள்" என்று நீங்களே வாய் விட்டுக் கேளுங்கள். வாந்தியோ வேகமான மூச்சோ இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். எது எப்படியானாலும், தாகம் என்று கேட்கிற பிள்ளைக்குத் தண்ணீரை மறுக்காதீர்கள்.

மகள் அன்று கேட்ட கேள்வியை அதன் பிறகு ஒரு முறைகூடக் கேட்டதில்லை. நான்தான் தினமும் காலையில் பிஸ்கட் டின்னைத் திறக்கும்போது எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். இப்போது அந்த டின் சாமி மேடைப் பக்கம் இல்லை. சாப்பாட்டு மேசை மேல் இருக்கிறது. காலையில் முதலில் அவள் விரல், அடுத்து என் விரல். யாருடைய எண் நல்ல எண் என்று எங்களுக்குள் போட்டி.

நேற்று மாலை விளையாடிவிட்டு வியர்வையோடு ஓடி வந்தவள், "பாட்டி, தண்ணி வேணும்" என்றாள். கொடுத்தேன். மடமடவென்று குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே போய் டின்னைத் திறந்து விரலைக் குத்திக் கருவியை என்னிடம் காட்டினாள்.

6.8.

"வெயில்தான் பாட்டி" என்றாள்.